அப்பாவின் 212 கோப்புகளும் மாறிவந்த என் இயங்குதளங்களும்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாடியறையில், ஜன்னலை ஒட்டிய நீள மேசையின் மீது இப்போது மூன்று கணினிகள் ஓடுகின்றன. நடுவில் இருப்பது 2017-ஆம் ஆண்டில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிய மேசைக்கணினி. இன்டெல் ஐ5-7400 செயலி. தொடக்கத்தில் 8 ஜிபியாக இருந்த ரேம் இப்போது 16 ஜிபி. அதற்கு இடப்புறம், சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினிகள் விற்கும் ஒரு சிறிய கடையில் வாங்கிய திங்க்பேட் எக்ஸ்220. சுவரோரமாக, சோப்புப் பெட்டி அளவே உள்ள ராஸ்பெரி பை 4. முதலாவதில் டெபியன் 13, இரண்டாவதில் லினக்ஸ் மின்ட் (இரண்டுமே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகள்), மூன்றாவதில் ராஸ்பெரி பைக்கென்றே டெபியனிலிருந்து உருவாக்கப்பட்ட இயங்குதளம். விண்டோஸ் இந்த மேசையை விட்டு இறங்கிச் சில மாதங்களே ஆகின்றன.

2006-லேயே லினக்ஸை நிறுவிப் பார்த்தவன், முழுதாக மாறுவதற்கு 19 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது ஏன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஓர் இயங்குதளத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை நிறுவுவது எந்தக் காலத்திலும் எனக்கு அரைநாள் வேலைதான். என்னைப் பிடித்து வைத்திருந்தவை அப்பாவின் 212 கோப்புகள். அந்தக் கதையைச் சொன்னால்தான் மேசையின் கதையும் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதல் கணினி 2003-இல் வந்தது. பென்டியம் 4, 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 15 அங்குல சி.ஆர்.டி. திரை, விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா அப்போதுதான் பணி ஓய்வு பெற்றிருந்தார். பாடல் பெற்ற தலங்களுக்கு ஒவ்வொன்றாகப் பேருந்திலேயே போய்வருவது என்று முடிவு செய்து, போய்வந்த ஒவ்வோர் ஊரைப் பற்றியும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, நடை சாத்தும் நேரம் என்ன, கோயில் பூட்டியிருந்தால் குருக்கள் வீடு எந்தத் தெருவில், கல்வெட்டு எந்தச் சுவரில், தலமரம் இன்னும் பட்டுப்போகாமல் இருக்கிறதா என்று எல்லாம் அதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்வேன். தலத்துக்கு ஒரு கோப்பு என்ற கணக்கில் 2008 வரை அது நடந்தது.

அந்நாளில் நான் பழகிய அச்சகத்தில் பாமினி எழுத்துருவைத்தான் வைத்திருந்தார்கள்; நானும் அதையே கற்றுக்கொண்டேன். பாமினி எப்படி வேலை செய்கிறது என்பதை அப்போது நான் யோசித்ததில்லை. திரையில் 'அம்மா' என்று தெரியும். ஆனால் கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். எம் என்ற எழுத்துக்கு உரிய இடத்தில் 'அ' வடிவத்தையும், கே-க்கு உரிய இடத்தில் 'ம' வடிவத்தையும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யுனிகோட்) தமிழுக்கென்று தனி இடம் இருந்ததையும், எக்ஸ்பியிலேயே லதா எழுத்துரு இருந்ததையும் நான் அறிந்தது பின்னால்தான். அதற்கும் மண்டல அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்று ஒரு கட்டத்தை 'டிக்' செய்து, எக்ஸ்பி குறுந்தகட்டை உள்ளே போட்டு, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். எங்கள் தெருவில் அதைச் செய்திருந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

2006-இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தகடுகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் முகவரியைப் பதிந்துவிட்டுச் சில வாரம் காத்திருந்தேன். தடித்த அட்டை உறையில் 6.06 பதிப்பு வந்து சேர்ந்தது. குறுந்தகட்டிலிருந்தே இயங்கிப் பார்த்து, பிடித்திருந்தால் அதே திரையிலிருந்து நிறுவிக்கொள்ளும் வசதி உபுண்டுவுக்கு அந்தப் பதிப்பில்தான் வந்திருந்தது. முதன்முதலாக அந்தப் பழுப்பு நிறத் திரை எழுந்து வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் மாறாமல் நினைவில் இருக்கிறது. வாங்கிய பொருளை அது தரும் விதத்திலேயே பயன்படுத்தியாக வேண்டும் என்ற எண்ணம் அன்று எனக்குள் விட்டுப்போயிற்று.

ஆனால் ஒரு வாரத்துக்குள் எக்ஸ்பிக்கே திரும்பிவிட்டேன். கணினிக்குள் இருந்த டயல்-அப் மோடத்துக்கு லினக்ஸில் டிரைவர் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம், அப்பாவின் கோப்பு ஒன்றை ஓப்பன் ஆபிஸில் திறந்தபோது பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து நின்றதுதான். பாமினி எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து போட்ட பின் தமிழ் தெரிந்தது. ஆனாலும் பக்க அமைப்பு குலைந்திருந்தது; உலாவியில் ஒருங்குறித் தமிழ்ப் பக்கங்களில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளிவட்டத்தோடு தனியே நின்றது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல வேண்டாம் தம்பி, பழசுலயே அடிச்சிடுவோம்" என்றார். எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

2011-இல் மறுபடி முயன்றேன். அந்த முயற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. வட்டைப் பிரிக்கும் திரையில், விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்பதற்குப் பதிலாக வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இரண்டு ஆண்டுப் புகைப்படங்கள் போயின. என் மகள் முதன்முதலாக நடந்த நாளின் படங்களும் அவற்றில் அடக்கம். அப்பாவின் கோப்புகளை மட்டும் 2008-இல் இரண்டு குறுந்தகடுகளில் எழுதிவைத்திருந்தேன். அவற்றில் ஒன்று படிக்க முடியாமல் போயிருந்தது, மற்றொன்று படித்தது. ஒரே கோப்பு இரண்டு இடங்களில் இருந்தால் அதை ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு என் அக்காள் மகனுக்கு அரசு மடிக்கணினி கிடைத்தது. அதில் விண்டோஸ் 7-உம் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. பாஸ் லினக்ஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பள்ளியில் யாரும் அதைத் திறப்பதில்லை என்று அவன் சொன்னான். நான் திறந்தேன். பட்டிகள், கோப்புறைப் பெயர்கள், உலாவி என எல்லாவற்றிலும் தமிழ் ஒழுங்காக நின்றது. 'கொ', 'கௌ' எதுவும் உடையவில்லை. ஆறே ஆண்டுகளில் லினக்ஸ் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது, நாங்கள்தான் பாமினியிலேயே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. மாற்ற வேண்டியது முதலில் கோப்புகளை. இயங்குதளம் அதற்கு அப்புறம்தான்.

அதற்கான நேரம் 2020 ஊரடங்கில்தான் வாய்த்தது. இணையத்தில் பாமினியை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் பல உண்டு. ஒரு பத்தியை ஒட்டினால் மாற்றித் தந்துவிடும். 212 கோப்புகளை அப்படி ஒட்டி ஒட்டி எடுப்பதைவிட, பைதான் என்ற நிரல்மொழியில் நானே ஒரு நிரல் எழுதுவது என்று இறங்கினேன். வேலை எளிது என்றுதான் எண்ணினேன். இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை, அதை வரிசையாகப் போட்டு மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் சிக்கல் கொம்பு. பாமினியில் நாம் கையால் எழுதும் வரிசையில் கொம்பு முதலில், மெய் அடுத்து, கால் கடைசி என்று மூன்று விசைகளில் 'கொ' உருவாகும். ஒருங்குறியிலோ ஒலிக்கும் வரிசைதான். 'க' முதலில், அதன் பின் 'ஒ' என்ற உயிர்க்குறி. ஆகவே நீண்ட தொடர்களை முதலில் மாற்றி, அதன் பிறகே தனிக்குறிகளுக்கு வர வேண்டும். வரிசையைப் புரட்டிப் போட்டால் காலும் கொம்பும் வெவ்வேறு எழுத்துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். இதைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போயிற்று.

இரண்டாவது சிக்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்பா பேருந்து நேரங்களை ஆங்கிலத்தில் சொல்வார், நானும் எழுத்துருவை மாற்றி ஆங்கிலத்திலேயே அடித்திருந்தேன். மாற்றிய கோப்பில் 'டிரள' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. எந்த ஊரின் பெயர் இது என்று அப்பாவிடமே போய்க் கேட்டேன்; அவருக்கும் தெரியவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. அது 'பஸ்' என்ற ஆங்கிலச் சொல். அதன் மூன்று எழுத்துகளும் பாமினி அட்டவணைப்படி 'டி', 'ர', 'ள' ஆகியிருந்தன. வெறும் குறிகளை மட்டும் பார்க்கும் நிரலுக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரித்தறிய வழியே இல்லை. அந்த வேறுபாடு எழுத்துருவின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. எனவே எல்லாக் கோப்புகளையும் லிப்ரே ஆபிஸ் மூலம் அதன் திறந்த வடிவமான ஓ.டி.டி.க்கு மாற்றினேன். ஓ.டி.டி. கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்தால் உள்ளே எக்ஸ்.எம்.எல். வடிவில், எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு என்பது வரை எல்லாம் எழுத்திலேயே கிடைக்கும். பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் மாற்றும்படி நிரலைத் திருத்தியதும் பேருந்துகள் எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பின.

மூன்றாவது சிக்கல்தான் மிகவும் நுட்பமானது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றும் தமிழ் இணையத்தில் நாள்தோறும் இதைப் பார்க்கிறேன். மாற்றி முடித்த பின் 'அப்பர்' என்று தேடினேன். ஒரு கோப்பிலும் இல்லை என்று வந்தது. தேவாரத் தலங்களைப் பற்றிய 212 கோப்புகளில் அப்பர் பெயர் இல்லாமல் இருக்குமா? கோப்பைத் திறந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது 'அப்பர்' அல்ல, 'அப்பா்' என்று தெரிந்தது. பாமினியில் பழகியவர்கள் 'ர்', 'ரி', 'ரீ' ஆகியவற்றுக்கு 'ர' விசையை அழுத்தாமல் கால் வாங்கும் விசையையே அழுத்திவிடுவார்கள். காலின் மேல் புள்ளி வைத்தால் கண்ணுக்கு 'ர்' போலவே இருக்கும். நானும் அப்படித்தான் அடித்திருந்தேன். நிரல் அதைக் கால் என்றே எடுத்துக்கொண்டு 'அப்பா' என்று எழுதி அதன் தலையில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. படிக்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. தேடுகிற கணினிக்கு அது வேறொரு சொல். காலுக்குப் பின் புள்ளியோ விசிறியோ வந்தால் அது 'ர' என்று ஒரு விதியைச் சேர்த்த பிறகு, அப்பர் 140-க்கும் மேற்பட்ட கோப்புகளில் கிடைத்தார். செய்தித் தளங்களிலும் பழைய நூல்களின் மின்பதிப்புகளிலும் இந்தக் கால்-புள்ளி பெருமளவில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வெளியிடுகிறவர்கள் தங்கள் எழுத்தைத் தேடுபவர் கண்ணிலிருந்து தாங்களே மறைத்துக்கொள்கிறார்கள் என்பது என் வருத்தம்.

மாற்றிய 212 கோப்புகளையும் அப்பா தாளில் அச்செடுத்து வாங்கிப் படித்துப் பார்த்தார். நான்கு மாதம் ஆயிற்று. சிவப்பு மையில் அவர் சுழித்துத் தந்தவற்றில் பாதி நிரலின் பிழை. மீதி 2004-இல் நான் அடித்த பிழை.

கோப்புகள் ஒருங்குறிக்கு வந்ததும் எனக்குக் கைவிலங்கு கழன்றது போல் இருந்தது. மேசைக்கணினியில் விண்டோஸ் 10-க்குப் பக்கத்திலேயே டெபியனையும் நிறுவினேன். இரட்டை இயங்குதளம் வைத்திருப்பவர்கள் அனைவரும் சந்திக்கும் கடிகாரக் குழப்பம் எனக்கும் வந்தது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி என்பதால், காலை 10 மணிக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் அங்கே விடியற்காலை 4.30 என்று காட்டும். லினக்ஸில் ஒரே கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்துப் பொது நேரத்துக்குப் பழக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். அதைவிடத் தொந்தரவு தந்தது விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. கணினியை அணைத்தாலும் அது முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் வட்டைப் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. அந்த வசதியை நிறுத்திய பின்னரே நிம்மதி.

இப்படி ஐந்து ஆண்டுகள் ஓடின. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிவதாக அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாமா என்று சோதித்தேன். அதற்குத் தேவையான டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் இயக்க முடிந்தது. ஆனால் இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் உண்டு, என்னுடையது ஏழாம் தலைமுறை. மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பெறும் வழியும் இருந்தது. நான்கு கோர்களும் குறையின்றி ஓடிக்கொண்டிருக்கும் கணினியை இதற்காகக் கழிக்க மனம் ஒப்பவில்லை. நான் விண்டோஸைத் திறந்தே ஏழெட்டு வாரம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியாகியிருந்ததால் ஆயுத பூஜை விடுமுறையில் வட்டு முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். இம்முறை, வட்டை அழி என்ற பொத்தானை அழுத்தும் முன் காப்புப் பிரதிகள் மூன்றையும் திறந்து, ஒவ்வொன்றிலும் பத்துக் கோப்புகளைப் படித்துப் பார்த்தேன்.

டெபியனை நிறுவுவது கடினம் என்ற பேச்சு பழைய காலத்தது. வைஃபை அட்டைகளுக்குத் தேவையான, மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர் என்ற உள்நிரலைத் தனியே தேடி பென்டிரைவில் போட்டு வைத்திருக்க வேண்டிய நிலை முன்பு இருந்தது. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அது நிறுவல் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. திரைச்சூழலுக்கு கே.டி.ஈ.யைத் தேர்ந்தெடுத்தேன். தமிழில் தட்டச்சு செய்ய எஃப்சிடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்குத் தமிழ் விசைப்பலகைகளைத் தரும் எம்17என் தொகுப்பையும் நிறுவி, விசைப்பலகை அமைப்பில் மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்தில் எஃப்சிடிஎக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுத் தமிழ் வரவில்லை என்கிறார்கள். பாமினியை விட்டுவிட்டு நான் தமிழ்99 விசைப்பலகை முறைக்கு வந்துவிட்டேன். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில்; ஒரே மெய்யை இரண்டு முறை அழுத்தினால் முதல் மெய்க்குத் தானே புள்ளி விழும். 'அம்மா' இப்போது நான்கே விசைகள்: அ, ம, ம, ஆ. 45 வயதில் விரல்களைப் புதிதாகப் பழக்க ஒரு மாதம் பிடித்தது.

எக்ஸ்220-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 2011-இல் வந்த மாடல். ஏழு வரிசை விசைகள் கொண்ட பழைய விசைப்பலகை அதில் இருக்கிறது, இப்போது வரும் மடிக்கணினிகளில் அப்படி ஒன்று கிடைப்பதில்லை. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்.எஸ்.டி.யைப் போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பை நிறுவினேன். அம்மாவும் அப்பாவும் மாலையில் தேவாரம் கேட்பது அதில்தான்.

ராஸ்பெரி பைதான் வீட்டின் கிடங்கு. அதை முதலில் எஸ்.டி. அட்டையில் ஓட்டினேன், கோடையில் ஒரே வாரத்தில் நான்கு முறை மின்சாரம் போய், எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நின்று, அட்டையின் கோப்பு அமைப்பே சிதைந்துவிட்டது. இப்போது யு.எஸ்.பி. வழியாக எஸ்.எஸ்.டி.யிலிருந்தே தொடங்குகிறது; சிறிய யு.பி.எஸ். ஒன்றும் அதற்கென்றே இருக்கிறது. ஒவ்வோர் இரவும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் மேசைக்கணினியின் கோப்புகள் அதற்குப் போகும். மாதம் ஒரு முறை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வருவேன்.

லினக்ஸில் எல்லாம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் உள்ள பழைய லேசர் பிரிண்டருக்குச் சரியான டிரைவர் இல்லை. கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கிப் பகிர்ந்த கோப்புறையில் போட்டால், மனைவி தன் மடிக்கணினியிலிருந்து அச்செடுத்துத் தருகிறார். அவர் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். டேலி விண்டோஸில்தான் ஓடும். எனவே அவருடைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது, இருக்கும். வேலை செய்கிறவருக்கு வேலை ஓடுகிற இயங்குதளமே சரியானது என்பதால் அவரிடம் மாறச் சொல்லி நான் ஒருநாளும் பேசியதில்லை.

சென்ற மாதம் ஒரு மாலை, அப்பா கீழிருந்தே கூப்பிட்டார். "தம்பி, நந்தி விலகியிருக்கிற கோயிலப் பத்தியெல்லாம் எழுதினோமே, எங்கெங்கன்னு பாரு." முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) கிரெப் என்ற தேடல் கட்டளை கொடுத்து 'நந்தி', 'விலகி' இரண்டும் ஒரே வரியில் வரும் இடங்களைத் தேடினேன். கண் இமைக்கும் முன் மூன்று கோப்புகள் வந்தன: திருப்பூந்துருத்தி, பட்டீச்சரம், திருப்புன்கூர். எக்ஸ்220-ஐ எடுத்துக்கொண்டு கீழே போய் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், திருப்புன்கூர் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "மாயவரம் பஸ்ஸுன்னு போட்டிருக்கியா? இல்ல, அன்னிக்கு வைத்தீஸ்வரன்கோயில்லேர்ந்து நடந்துதான் போனேன். வழியில ஒருத்தர் சைக்கிள்ல ஏத்திக்கிட்டார். அதையும் சேத்துக்க."

அவர் சொல்லச் சொல்ல அங்கேயே அடித்துச் சேமித்தேன்.